கதைக் குதிரையும் சரித்திரக் குதிரையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. உள்ளங்கையில் வைத்தால் கை மூடிவிடும். குதிரைமேல் அமர்ந்து, இரும்புக் கவசம் அணிந்து, நெடுவேல் ஏந்தி நிற்கும் பொம்மை வீரனைப் பற்றியே சொல்லுகின்றேன். ஐரோப்பியர் 'நைற்' என வழங்கும் பரிவீரனின் உருவம் அது. விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேச வானொலி நேரம் வேண்டுமோ என்று சிலர் நினைக்கலாம். ஆனால், அந்தச் சிறு வீரர்களைச் சுற்றி எழுந்த வழக்கு ஒன்று என் சொந்தக் குடும்பத்திலேயே நடந்தது. அதில் ஒரு பிள்ளையின் மனம் சம்பந்தப்பட்டிருந்தது. ஆதலினால் அதனைச் சொல்லத் துணிந்தேன்.

2018ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நான் இங்கிலாந்திலே நொற்றிங்ஹாம் நகரில் என் தமக்கையார் வீட்டில் ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். அத்தான் அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, இரவில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, நுண்ணிய தூரிகையால் பொம்மை வீரர்களுக்கு வர்ணம் தீட்டுவது அவருடைய வழக்கம். மகனும் அருகே இருந்து பார்ப்பான். அத்தான் தீட்டி முடித்தவை ஏழு பரிவீரர்கள். ஆனால், அவர்கள் சேர்ந்த ஆட்டத்தின் விதிப்படி மூவர் மூவராக மூன்று வரிசையில் நின்றால்தான் அணி நிறைவு பெறும். ஒன்பது பேர் வேண்டும். இரண்டு பேர் குறைவு.

குறைந்த இருவரை வாங்குவதற்குக் கடையில் வழி இருக்கவில்லை. அந்த வீரர்கள் 'பிரெற்றோனியா' என்னும் கற்பனை நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்நாடு உலகப் படத்தில் இல்லாதது; நொற்றிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்னும் நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட 'வார்ஹமர்' என்ற போராட்டத்திலே உள்ளது. மத்திய காலப் பிரான்சையும் ஆதர் மன்னன் கதைகளையும் ஒன்றாகக் குழைத்து உருவாக்கிய நாடு அது. 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பழைய ஆட்டத்தை நிறுத்தி, வேறு உலகத்தையும் வேறு விதிகளையும் கொண்ட புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது. புதிய ஆட்டத்தில் பிரெற்றோனியாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அதன் வீரர்களும் கடைத் தட்டுகளிலிருந்து மறைந்துபோயினர். வீடுகளில் பாதி முடிந்த படைகள் பாதியிலேயே நின்றன. என் மருமகனுக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. தகப்பன் விட்டுச்சென்ற வேலையை முடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் தன் சேமிப்பைக் கொண்டு வேறொரு நிறுவனத்தார் விற்ற பரிவீரர் பெட்டி ஒன்றை வாங்கினான். அவர்கள் கற்பனை வீரர்கள் அல்லர். 1415ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் தேதி அஜின்கூர்ப் போர்க்களத்திலே, ஐந்தாம் ஹென்றி மன்னனை எதிர்த்து நின்ற பிரெஞ்சுப் பிரபுக்களின் கோலத்தில் அமைந்தவர்கள். அவர்களுள் இருவரை ஒட்டி, வர்ணம் தீட்டி, தகப்பனாரின் ஏழு பேருடன் நிறுத்தி, ஊர்ச் சங்கத்துக்கு எடுத்துச் சென்றான். நானும் கூடச் சென்றேன்.

அங்கே இரு பக்கமிருந்தும் மறுப்பு எழுந்தது. சரித்திரப் போர்களையே ஆடும் முதியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, அஜின்கூரில் மடிந்தவர்கள் மெய்யான மனிதர். அவர்களைக் கட்டுக்கதை வீரர்களுடன் நிறுத்தினால், நாளைக்குப் பிள்ளைகளுக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதே தெரியாமற் போகும்." கற்பனை ஆட்டம் ஆடும் இளைஞன் ஒருவனோ, புதிதாக வந்த இருவரும் மெலிந்து, தலை சிறுத்து, நோயாளிகள் போலத் தோன்றுகிறார்கள் என்று சிரித்தான். பையன் ஒன்றும் பேசவில்லை. அந்த இருவரையும் எடுத்துச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டான். வீடு திரும்பும் வழியில், "மாமா, அப்பாவின் அணியை நான் கெடுத்துப்போட்டேனா?" என்று கேட்டான்.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே இருவரும் விடை தேடப் புறப்பட்டோம். அன்று தொடங்கி நாங்கள் கற்றவற்றையே இப்பொழுது உங்களிடம் பகிர்ந்துகொள்ளுகின்றேன்.

முதலில் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைப் பார்ப்போம். 1893ஆம் ஆண்டில் பிரிட்டன்ஸ் என்னும் லண்டன் நிறுவனத்தார், உள்ளே வெறுமையாக இருக்கும்படி ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தனர். உலோகம் குறைந்தது, விலையும் குறைந்தது, எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீரர்கள் கிடைத்தனர். அவர்களுடைய உயரம் 54 மில்லிமீற்றர். 1913ஆம் ஆண்டில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், அத்தகைய வீரர்களைத் தரையில் அடுக்கி ஆடும் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி ஒரு நூலாக வெளியிட்டார். பெரியவர்களும் வெட்கமின்றி ஆடலாம் என்று அவர் காட்டியது அந்நூலிலேதான். 1954ஆம் ஆண்டில் றோய் செல்வின்-ஸ்மித் என்னும் சிற்பி, அதே பிரிட்டன்ஸ் நிறுவனத்துக்காக அஜின்கூர்ப் பரிவீரர்களைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய கைவண்ணத்தால், தலை வேறு, உடல் வேறு, ஆயுதம் வேறாகக் கழற்றி மாற்றக்கூடிய பிளாஸ்ரிக் வீரர்களும் வந்தனர். ஒருவனின் தலையை மற்றொருவன் கழுத்திலே பொருத்தும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கடைக்காரரே கற்பித்துவிட்டனர் என்று சொல்லலாம்.

கற்பனையும் சரித்திரமும் கலந்ததும் புதிய செய்தி அன்று. இங்கிலாந்திலே ரோனி பாத் என்றொருவர் இருந்தார். பழங்காலப் போர்களை ஆடுவோருக்கென 1965ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தையே நிறுவியவர் அவர். சரித்திரத்தில் அவ்வளவு பற்றுள்ள அவரே, றொபேட் ஈ. ஹவார்ட் என்னும் அமெரிக்கக் கதாசிரியர் படைத்த ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தை எடுத்து, அதிலுள்ள நாடுகளுக்குத் தம்மிடமிருந்த சரித்திர வீரர்களையே படைகளாக வகுத்து, ஆண்டுக்கணக்காகப் போர் நடத்தினார். அவருக்கு அது முரண்பாடாகத் தோன்றவில்லை.

கடலுக்கப்பால் அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1971ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், ஜெவ் பெரன் என்னும் இருவர் 'செயின்மெயில்' என்ற சிறு விதிநூலை வெளியிட்டனர். அதன் பெரும்பகுதி மத்திய காலப் போருக்கு உரியது. பின்னிணைப்பிலே பறவை நாகங்களும், மந்திரவாதிகளும், பூதங்களும் வந்தனர். அந்தப் பின்னிணைப்பிலிருந்தே, 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் உலகப் புகழ்பெற்ற ஆட்டம் முளைத்தது. அக்காலத்தில் கற்பனை உயிர்களுக்கெனத் தனி உருவங்கள் கடைகளில் அரிதாகவே கிடைத்தன. கைகாக்ஸ் மலிவுக் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் விலங்குகளையே மேசையிற் கொண்டுவந்து வைத்தார். அவ்வாட்டத்தின் பேர்பெற்ற பூதங்கள் சில அந்தப் பொம்மைகளின் உருவத்தைக் கொண்டே பிறந்தவை. எனவே, இல்லாததற்கு இருப்பதைக் கொண்டு இட்டு நிரப்புதல் இப்பொழுதுபோக்கின் பிறவிக் குணம் என்பதே உண்மை.

ஆனால், முன்னோர் செய்தனர் என்பதனால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடாது. அந்த முதியவரின் கேள்வி அப்படியே நின்றது. கதை வீரனும் மெய் வீரனும் ஒன்றாக நிற்கலாமா? இதனை ஆராய நாங்கள் லீட்ஸ் நகருக்குச் சென்றோம். 1996ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆயுதச்சாலையின் பெரும் காட்சிச்சாலை அங்கே இயங்கி வருகின்றது.

அக்காட்சிச்சாலையின் இலச்சினையாகவே விளங்கும் ஒரு தலைக்கவசத்தைக் கண்டு என் மருமகன் அசையாமல் நின்றான். இரு பக்கமும் ஆட்டுக்கடாவின் முறுக்குக் கொம்புகள். முகத்திலே வளைந்த மூக்கு, பற்கள், கன்னத்தில் மயிர்க்குறிகள், கண்களிலே மூக்குக் கண்ணாடி! எந்தக் கற்பனை நிறுவனமும் இதனைச் செய்திருந்தால், "இது மிகையானது, இப்படி ஒருவன் அணிந்திருப்பானா?" என்று நாமே பழித்திருப்போம். ஆனால், அது மெய்யான கவசம். பேரரசன் முதலாம் மக்சிமிலியன் ஏவலின்படி இன்ஸ்புரூக் நகரத்துக் கவசக் கொல்லர் கொன்ராட் சொய்சன்ஹோபர் என்பார் 1511ஆம் ஆண்டுக்கும் 1514ஆம் ஆண்டுக்கும் இடையிலே செய்தது. இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றிக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. கொலு மண்டபத்துக் கேளிக்கைக்கென உருவானதேயன்றிப் போருக்கன்று. என்றாலும், மெய்யான மன்னர்கள் மெய்யான இரும்பிலே கற்பனையை அடித்து வார்த்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்னும் பின்னோக்கிச் செல்லுங்கள். ஆதர் மன்னன் வாழ்ந்ததாகக் கதைகள் கூறும் காலம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. மேலை ஐரோப்பாவிலே குதிரைக்கு அங்கவடி கூட வழக்கில் வராத காலம் அது. தகட்டுக் கவசம் பிறக்கவேயில்லை. 1136ஆம் ஆண்டையொட்டி மொன்மத் ஊர் ஜெப்ரி என்பார் ஆதரின் வரலாற்றை இலத்தீனில் எழுதினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெற்றியன் என்னும் பிரெஞ்சுப் புலவர் அவனுடைய வீரர்களைப் பற்றிக் காவியங்கள் பாடினார். 1485ஆம் ஆண்டில் சேர் தோமஸ் மலோரியின் நூலை வில்லியம் கக்ஸ்ரன் அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொருவரும் ஆதருக்குத் தத்தம் காலத்துக் கவசத்தையே அணிவித்தனர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதைத் தலைவன், பதினைந்தாம் நூற்றாண்டு உருக்குக் கவசத்திலே ஊர்வலம் வந்தான். அதனைப் படித்தவர் எவரும் குறை கூறவில்லை.

மறுபுறத்தில், மெய்யான மன்னர்கள் கதையைப் பின்பற்றினர். கிரெசிப் போரில் வென்ற மூன்றாம் எட்வேட் மன்னன், அப்போருக்கு ஈராண்டு முன்பு 1344ஆம் ஆண்டில், வின்ட்சர் கோட்டையிலே பெருவிழா எடுத்து, ஆதரின் வட்ட மேசையை மீண்டும் நிறுவுவதாகச் சபதம் செய்தான். சில ஆண்டுகளில் அந்த எண்ணம் உருமாறி, இன்றும் நிலைத்திருக்கும் காட்டர் வீரர் சபையாயிற்று. வின்செஸ்ரர் நகரத்து மண்டபச் சுவரிலே பதினெட்டு அடி விட்டமுள்ள வட்ட மேசை ஒன்று தொங்குகின்றது. ஆதரின் மேசை அதுவே என்று நெடுங்காலம் மக்கள் நம்பினர். ஆராய்ந்து பார்த்தபோது, அது பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தச்சர் செய்தது என்று தெரிந்தது. கதையை ஆடிப்பார்க்க விரும்பிய மெய் மனிதர்களுக்காகச் செய்த மேசை போலும். ஆகவே, பரிவீரனைப் பொறுத்தவரையில், கதையும் சரித்திரமும் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக ஒன்றையொன்று பார்த்து உடுத்துக்கொண்டவை.

லீட்ஸ் நகரிலே நாங்கள் கற்ற இரண்டாவது பாடம் இதனினும் முக்கியமானது. மத்திய காலப் படையிலே இன்றைய இராணுவத்தைப் போலச் சீருடை வழங்கும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு பரிவீரனும் தன் செலவிலே தன் கவசத்தைத் தேடிக்கொண்டான். செல்வன் மிலான் நகரத்துக் கொல்லரிடம் செய்வித்தான். வேறொருவன் ஜேர்மனியிலே ஓக்ஸ்பேர்க் நகரத்திலோ நூரம்பேர்க் நகரத்திலோ வாங்கினான். மிலான் நகரத்தார், பிற நாட்டவரின் விருப்பத்துக்கு இணங்க, அவரவர் நாட்டுப் பாணியிலேயே கவசம் செய்து ஏற்றுமதி செய்தனர். வசதியற்றவன் பாட்டனின் சங்கிலிக் கவசத்தின்மேல் ஒன்றிரண்டு புதிய தகடுகளைப் பூட்டிக்கொண்டான். பந்தயப் போரில் வென்றவன் தோற்றவனின் குதிரையையும் கவசத்தையும் கைக்கொண்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வீரனாகிய வில்லியம் மார்ஷல் தன் வாழ்வின் தொடக்கத்தில் பொருள் சேர்த்தது அவ்வழியாகவேதான்.

அப்படியாயின், நேயர்களே, ஒரு மெய்யான படையின் முன்னணியை நாம் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்போம்? வேறு வேறு கொல்லர், வேறு வேறு நகரம், வேறு வேறு தலைமுறை. அனைத்தும் ஒரே வரிசையில்! கொல்லர்கள் தாம் அடித்த தகட்டிலே தத்தம் முத்திரையைச் சிறிதாகக் குத்தி வைத்தனர். அந்த முத்திரைகளை எண்ணினால், ஒரே வீரனின் உடலிலேயே இரண்டு மூன்று உற்பத்தியாளர் இருப்பர். பொம்மைப் படையிலே பல நிறுவனத்தாரின் வீரர் கலந்து நிற்பது சரித்திரத்துக்கு மாறானது என்று யார் சொல்ல முடியும்? ஒரே அச்சில் வார்த்த ஒன்பது பேர் நிற்பதுதான் சரித்திரத்துக்கு மாறானது!

இன்னுமோர் உண்மையையும் அந்நகரிலேயே அறிந்தோம். என் மருமகன் வாங்கிய அஜின்கூர் வீரரைச் செய்தவர்கள் அலன் பெரி, மைக்கேல் பெரி என்னும் இரட்டைச் சகோதரர்கள். அவர்கள் பல்லாண்டுக் காலம் கற்பனை வீரர்களை விற்கும் அந்த நொற்றிங்ஹாம் நிறுவனத்துக்காகவே உருவங்களைச் செதுக்கியவர்கள். 2001ஆம் ஆண்டிலே சரித்திர வீரர்களுக்கெனத் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். சகோதரருள் மைக்கேல், 1996ஆம் ஆண்டில் கிரெசியிலே பழம்போரை நடித்துக் காட்டிய நிகழ்ச்சியொன்றில் பீரங்கி விபத்தால் வலக்கையை இழந்தார். அதன்பின் இடக்கையால் செதுக்கப் பழகி, மீண்டும் தொழிலில் நின்றார். எனவே, கதை வீரனையும் சரித்திர வீரனையும் வார்த்த கைகள் வேறு வேறல்ல. பெட்டியின் மேலுள்ள பெயர்தான் வேறு.

முதியவரின் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. ஆனால், அந்த இளைஞன் சிரித்தது பொய்யன்று. இரண்டு வீரரும் கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்பது மெய். அதற்குக் காரணம் வேண்டும். காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரியும்.

முதற் காரணம் அளவு. இன்று பெருவழக்கிலுள்ளது 28 மில்லிமீற்றர் அளவு. ஆனால், அந்த அளவைச் சிலர் உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை எடுப்பர்; சிலர் உச்சந்தலை வரை எடுப்பர். ஆகவே, இரு பெட்டிகளிலும் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும், ஒருவன் மற்றவனின் கண்மட்டமே நிற்பான். அன்றியும், கற்பனை நிறுவனத்தார் தலையையும் கையையும் ஆயுதத்தையும் வேண்டுமென்றே பெருக்கிச் செய்வர். மூன்றடி தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு முகம் தெரிய வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். சரித்திர வீரரைச் செய்வோர் மனித உடலின் மெய்யான அளவை நெருங்கவே முயல்வர். கூத்திலே முகத்துக்குப் பூசும் அரிதாரமும் நாள்தோறும் பூசும் பவுடரும் போன்றது இந்த வேறுபாடு.

இரண்டாவது காரணம் குதிரை. கற்பனைப் பரிவீரனின் குதிரை யானைக்கன்று போன்றிருக்கும். மெய்யான போர்க்குதிரை அப்படியன்று. இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் அந்நாட்டு நிலத்தில் அகழ்ந்தெடுத்த குதிரை எலும்புகளை அளந்து அண்மையில் வெளியிட்ட முடிவின்படி, மத்திய காலக் குதிரைகளுட் பெரும்பாலானவை நான்கடி பத்தங்குல உயரத்துக்குக் குறைந்தவை. இன்று நாம் மட்டக்குதிரை என்று சொல்லும் அளவு அது. ஆகவே, அருகருகே நிறுத்தினால், சரித்திரக் குதிரை இளைத்துத் தோன்றுவதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் காலம். அத்தானின் ஏழு வீரரும் முகத்தை முற்றாக மூடும் வாளி போன்ற தலைக்கவசமும், குளம்புவரை தொங்கும் குதிரைப் போர்வையும் கொண்டவர்கள். அது பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோலம். பையன் வாங்கியதோ 1415ஆம் ஆண்டின் கூர்முகத் தலைக்கவசமும் தகட்டுக் கவசமும். இடையே நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. கண்ணுக்கு உறுத்தியது கதைக்கும் சரித்திரத்துக்குமுள்ள வேற்றுமையன்று. பாட்டனுக்கும் பேரனுக்குமுள்ள வேற்றுமை.

காரணத்தை அறிந்தபின் நாங்கள் பரிகாரத்தில் இறங்கினோம். இப்பொழுதுபோக்கிலே ஈடுபட்ட நேயர்கள் இருப்பின் அவர்களுக்கும் பயன்படும் என்பதால், செய்தவற்றை ஒழுங்காகச் சொல்லுகின்றேன்.

பெட்டியின் மேல் எழுதிய அளவை நம்பாமல், பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு உரிய சரித்திர வீரரை வேறொரு நிறுவனத்திலிருந்து தேடிப் பெற்றோம். மூடிய தலைக்கவசம் தலையின் அளவை மறைக்கும். போர்வை குதிரையின் உடலை மறைக்கும். வேற்றுமை பெரிதும் தெரியும் இரண்டு இடங்களும் இவ்வாறு மூடுண்டன. பின்பு, அத்தானின் உதிரிப் பெட்டியிலே மிஞ்சிக் கிடந்த கேடயங்களையும் ஈட்டிகளையும் எடுத்துப் புதியவருக்குக் கொடுத்தோம். ஒன்பது பேரும் ஒரே ஆயுதம் ஏந்தும்போது கண் அதனையே முதலிற் பற்றிக்கொள்ளுகின்றது.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். பிளாஸ்ரிக்கைப் பிளாஸ்ரிக்குடன் ஒட்டும் பசை இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குவது. அது உலோகத்தைப் பற்றாது. உலோகத்துக்கும் பிசின் உருவங்களுக்கும் 'சுப்பர் குளூ' வேண்டும். இடைவெளியை நிரப்புவதற்கு, மஞ்சளும் நீலமுமான இரு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும் மெழுகு போன்ற பசைமண் உண்டு. சில மணி நேரத்தில் இறுகிவிடும். பழைய உலோக வீரர்களில் ஈயம் இருக்கலாம். அவற்றை அராவும்போது தூளை மூச்சிலே இழுக்கலாகாது. வேலை முடிந்தபின் கையைக் கழுவ வேண்டும். சிறு குழந்தைகளின் கையிற் கொடுக்கலாகாது.

குள்ளமாகத் தோன்றியவனின் அடித்தட்டிலே மெல்லிய தக்கை ஒன்றை வைத்து உயர்த்தி, அதனைக் கற்பாறையாக்கினோம். ஒன்பது தட்டுகளும் ஒரே அளவு, ஒரே மணல், ஒரே புல், ஓரத்திலே ஒரே வர்ணம். மண் ஒன்றானால் மனிதரும் ஒரே ஊரவர் போலத் தோன்றுவர். நிற்கும் இடத்திலும் சிறு தந்திரம் உண்டு. பருத்தவர்களை முன்வரிசையிலும், மெலிந்தவர்களைப் பின்வரிசையிலும் நிறுத்தினால் வேற்றுமை தூரத்தினால் நேர்ந்ததாகவே தெரியும்.

எல்லாவற்றிலும் மேலானது வர்ணம். மத்திய காலக் குலச்சின்னக் கலையிலே ஒரு விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் 'உலோகம்' எனப்படும்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா என்பன 'நிறம்' எனப்படும். உலோகத்தின்மேல் உலோகமும், நிறத்தின்மேல் நிறமும் வரலாகாது. பொன் நிலத்திலே சிவப்புச் சிங்கம் வரலாம். நீல நிலத்திலே சிவப்புச் சிங்கம் வரலாகாது. போர்க்களத்துத் தூசியிலும் தூரத்திலும் சின்னம் தெளிவாகத் தெரிய இவ்விதி உதவும். ஒன்பது பேருக்கும் சின்னம் வேறாக இருக்கலாம். ஆனால், அனைவரும் இவ்வொரு விதிக்கு அடங்கினால் படை ஒன்றாகத் தோன்றும். அன்றியும், ஒரு பிரபுவின் கீழ் நின்ற வீரர் அவனுடைய அடையாளச் சின்னத்தை அணிவது மெய்யான வழக்கம். மூன்றாம் றிச்சர்ட் மன்னனின் ஆட்கள் வெள்ளைப் பன்றிச் சின்னம் அணிந்தனர். அத்தான் தம் ஏழு வீரரின் ஈட்டி முனைகளிலே சிறு மஞ்சட் கொடி கட்டியிருந்தார். பையன் அதே மஞ்சளைக் கலந்து பார்க்க மூன்று இரவுகள் எடுத்தான். மூன்றாம் இரவில் நிறம் ஒத்து வந்தது. தமக்கையார் தேநீர்க் கோப்பையுடன் வந்து, மேசை மூலையிலே அந்த விளக்கு மீண்டும் எரிவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அணி நிறைந்ததும் மீண்டும் சங்கத்துக்குச் சென்றோம். அந்த முதியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது பேரையும் நெடுநேரம் பார்த்தார். "இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, சொல் பார்ப்போம்" என்று கேட்டார். பையன் சொன்னான்: "ஐயா, இந்தத் தலைக்கவசம் 1250ஆம் ஆண்டளவிலே அணிந்தது. இந்தக் குதிரை மெய்க்குதிரையிலும் பெரிது. இந்த ஏரித்தேவதைச் சின்னம் கதை. இந்தச் சிங்கம் மெய்யான விதிப்படி தீட்டியது." முதியவர் தலையசைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு ஆட்டத்துக்கு அமர்ந்தார்.

நேயர்களே, முதியவர் முதலிற் சொன்னதை நான் இன்றும் தள்ளவில்லை. கதையைச் சரித்திரம் என்று நம்பிவிடுதல் தீங்கானது. நாடுகள் பல அவ்வாறு நம்பித் துன்புற்றிருக்கின்றன. ஆனால், அதற்கு மருந்து இரண்டையும் தொடாமற் பிரித்து வைப்பதன்று. இரண்டையும் அருகருகே வைத்து, எது எது என்று அறிந்திருப்பதே மருந்து. கலக்கலாம், குழம்பலாகாது. அந்த இரண்டு வீரரைச் சேர்க்கப் புறப்பட்டிராவிட்டால், என் மருமகன் அஜின்கூரையும் அறிந்திருக்கமாட்டான். குலச்சின்ன விதியையும் அறிந்திருக்கமாட்டான்.

இன்னுமொரு செய்தியுடன் முடிக்கின்றேன். 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்நிறுவனம் பழைய உலகத்தை மீண்டும் திறந்தது. பிரெற்றோனிய வீரர் மறுபடியும் கடைக்கு வந்தனர். அத்தான் தீட்டிய அதே அச்சுப் பரிவீரரும் வந்தனர். நான் தொலைபேசியில் மருமகனிடம், "இப்பொழுது அசலான இருவரை வாங்கி அணியைச் சரிசெய்யலாமே?" என்று கேட்டேன். அவன் இப்பொழுது பல்கலைக்கழக மாணவன். சற்று நேரம் பேசாதிருந்தான்.

"மாமா, அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்றான்.

நான் பார்த்ததில்லை. அவன் சொல்லித்தான் அறிந்தேன். லீட்ஸ் நகரிலே கொல்லர் முத்திரைகளைக் கண்டு வந்த அன்றிரவே, ஏழு தட்டுகளின் அடியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும், பின்னர் முடித்த இரண்டின் அடியில் தன் பெயரின் முதலெழுத்தையும் சிறிதாக எழுதி வைத்திருக்கின்றான்.

அந்த ஒன்பது பேரும் அப்படியே நிற்கின்றனர்.